கல்லை அறிந்த குருவானவர்

அருட்தந்தை ரெனே ஜுஸ்ட் ஹாயி (1743–1822)

நம் நாட்டில் கறுத்த கல் எதுவாயினும் அதற்கு ஒரே பெயர்தான்: கருங்கல். அம்மியும் கருங்கல், ஆட்டுக்கல்லும் கருங்கல், ஆலயத்தின் படிக்கட்டும் கருங்கல். ஆனால் அந்தக் கல்லின் புதிதாய் உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், உள்ளே ஒன்றல்ல, பல கறுப்புகள் இருப்பதைக் காண்போம். ஒன்று பட்டுப்போல் மின்னும். ஒன்று ஊசிபோல் நீண்டிருக்கும். ஒன்று பச்சை கலந்த கறுப்பு. இன்னொன்று செம்மை கலந்த கறுப்பு. இவையெல்லாம் ஒரே பொருளா, வெவ்வேறு பொருள்களா? இதைக் கண்டறிவது எப்படி?

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களுக்கே இக்கேள்வி விளங்காத புதிராக இருந்தது. நீண்டு கறுத்த படிகம் எது கிடைத்தாலும் அதற்கு ஷோர்ல் என்று பெயரிட்டு ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் எடுத்து, உரிய பெயரும் இடமும் அளித்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். படிகவியலின் தந்தை எனப் போற்றப்படும் அருட்தந்தை ரெனே ஜுஸ்ட் ஹாயி அவர்களே அவர். அவருடைய வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

நெசவாளர் இல்லத்துப் பிள்ளை

பிரான்சு நாட்டின் வடபகுதியில் சேன் ஜுஸ்ட் என்றொரு சிற்றூர். அங்கே சணல்நூல் நெய்து பிழைத்த ஓர் ஏழை நெசவாளரின் மகனாக ஹாயி 1743ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் பிறந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு வாலன்டின் என்ற தம்பி பிறந்தான். பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வசதி அந்த இல்லத்தில் இல்லை. ஆனால் ஊரில் ஒரு துறவற மடம் இருந்தது. அந்த மடத்து ஆலயத்தில் பாடல் ஒலிக்கும்போதெல்லாம் சிறுவன் ஹாயி தவறாமல் அங்கே இருப்பான். வழிபாட்டில் ஆழ்ந்து நிற்கும் சிறுவனை மடத்துத் தலைவர் கண்டார், அழைத்துப் பேசினார், அவனுடைய கூர்மையை அறிந்து மடத்துத் துறவிகளைக் கொண்டே பாடம் கற்பித்தார்.

மகன் மேலும் படிக்க வேண்டும் என்று தாய் விரும்பினார். கையில் பொருள் இல்லாமலே பிள்ளைகளுடன் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கே ஓர் ஆலயத்தில் பாடற்குழுச் சிறுவனாக ஹாயிக்கு இடம் கிடைத்தது. பின்னர் நவார் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. ஊக்கத்துடன் பயின்ற அவர் பின்னர் அதே கல்லூரியில் ஆசிரியரானார். 1770ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அதன்பின் கார்டினல் லெமுவான் கல்லூரியில் இலத்தீன் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அதுவரை அவருக்கும் கற்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உடன் பணியாற்றிய முதிய குருவான லோமோன் செடிகொடிகளில் ஆர்வம் மிக்கவர். அவருடன் உலாவும்போது தாமும் செடிகளின் பெயர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஹாயி தாவரவியல் கற்றார். பிறகு அரசத் தோட்டத்தில் தொபாந்தோன் என்னும் பேராசிரியர் கனிமங்களைப் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்கச் சென்றார். அங்கே ஒரு கேள்வி அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. ஒரு செடியின் பூவுக்கு எத்தனை இதழ் என்றால் எல்லாச் செடியிலும் அத்தனையே இருக்கிறது. கனிமமோ ஒன்றாகவே இருந்தும் ஓரிடத்தில் ஊசியாகவும், ஓரிடத்தில் தூணாகவும், ஓரிடத்தில் கட்டியாகவும் வளர்கிறது. பூவுக்கு ஒழுங்கு வைத்த இறைவன் கல்லுக்கு ஒழுங்கு வைக்காமலா விட்டிருப்பார் என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

உடைந்த படிகம்

இந்த எண்ணத்துடன் இருந்த காலத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவரின் கனிமத் தொகுப்பைப் பார்க்கச் சென்றார். ஆறு முகங்கள் கொண்ட கால்சைட் படிகத் தூண்கள் கொத்தாக அமைந்த ஓர் அழகிய கல்லைக் கையில் எடுத்தார். அது நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. நண்பர் கோபிக்கவில்லை, உடைந்த துண்டையும் அவருக்கே கொடுத்துவிட்டார். ஹாயி அந்தத் துண்டை உற்று நோக்கினார். உடைந்த இடம் கண்ணாடிச் சில்லைப்போல் கோணல்மாணலாக இல்லை. தேய்த்து மெருகிட்டதுபோல் வழவழப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து மேலும் உடைத்தார். ஆறுமுகத் தூணின் உள்ளிருந்து சாய்சதுர முகங்கள் கொண்ட ஒரு சிறு கட்டி வெளிப்பட்டது.

தம்மிடம் இருந்த வேறு வடிவக் கால்சைட் படிகங்களையும் அவர் தயங்காமல் உடைத்தார். கூர்மையான பல்போன்றதையும் உடைத்தார்; தட்டையானதையும் உடைத்தார். எல்லாவற்றின் உள்ளும் அதே சாய்சதுரக் கட்டி, அதே கோணங்கள்! வெளித்தோற்றம் ஆயிரமாக இருந்தாலும் உள்ளமைப்பு ஒன்றே என்பது அன்று அவருக்கு விளங்கியது.

நம் ஊர்க் கோபுரத்தை எண்ணிப் பார்த்தால் ஹாயியின் கருத்து எளிதில் புரியும். தொலைவிலிருந்து பார்த்தால் கோபுரத்தின் பக்கம் நேராகச் சாய்ந்ததாகத் தோன்றும். அருகில் சென்றாலோ, ஒவ்வொரு நிலையும் சற்றே உள்ளடங்கிப் படிப்படியாக உயர்வதைக் காண்கிறோம். அதுபோலவே படிகமும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய ஒரேமாதிரிக் கட்டிகளால் அடுக்கப்பட்டது என்றார் ஹாயி. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு வரிசையோ, இரண்டு வரிசையோ குறைந்துகொண்டே போகும். அரைவரிசை, கால்வரிசை என்று குறைவதில்லை. எனவேதான் படிக முகங்கள் எல்லாம் கணக்குக்குக் கட்டுப்பட்ட கோணங்களில் அமைகின்றன.

பேராசிரியர் தொபாந்தோனும் கணித மேதை லாப்லாசும் இதை அறிவியல் கழகத்தின் முன் எடுத்துரைக்கும்படி வற்புறுத்தினார்கள். கூச்சம் மிகுந்த அந்தக் கல்லூரி ஆசிரியரை இழுத்து வருவது எளிதாக இருக்கவில்லை. ஆனால் அவர் கண்டதை 1781இல் கேட்ட அறிஞர்கள் வியந்தார்கள். 1783இல் அவர் கழகத்தின் உறுப்பினரானார். 1784இல் படிகங்களின் அமைப்பைப் பற்றிய அவரது முதல் நூல் வெளிவந்தது. லாவாசியே போன்ற பேரறிஞர்களே அவர் விளக்கங்களைக் கேட்பதற்காகக் கல்லூரியில் அவரிருந்த இடத்தைத் தேடி வந்தார்கள். ஏளனம் செய்தவர்களும் உண்டு. படிகங்களை அளப்பதில் வல்லவரான ரோமே தெ லீல் அவரைப் படிகம் உடைப்பவர் என்று எள்ளி நகையாடினார். ஹாயி அதற்காக உடைப்பதையும் நிறுத்தவில்லை, எதிர்வழக்காடவும் இல்லை.

சிறையிலும் கைவிடாத பெட்டிகள்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. திருச்சபையை அரசின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் ஒன்று பிறந்தது. குருக்கள் யாவரும் அதை ஏற்று ஆணையிட வேண்டும் என்று கட்டளை வந்தது. பதவியும் வருமானமும் போகும் என்று தெரிந்தும் ஹாயி தம் மனச்சான்றுக்கு மாறாக ஆணையிட மறுத்துவிட்டார். சாதுவான மனிதர்; எவரிடமும் உரக்கப் பேசியறியாதவர். ஆனால் இந்த ஒன்றில் அவர் அசையவில்லை.

1792ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் அவர் அறைக்குள் நுழைந்தார்கள். துப்பாக்கி உண்டா என்று வினவியபோது, தம் மின்பொறியைச் சுழற்றி ஒரு தீப்பொறியை எழுப்பி, இதைத் தவிர வேறில்லை என்று அவர் காட்டியதாகப் பின்னாளில் அறிஞர் கூவியே எழுதிவைத்தார். கணக்குகள் நிறைந்த அவருடைய தாள்களைப் பறித்துக்கொண்டார்கள், படிகங்களைச் சிதறடித்தார்கள், அருகிலிருந்த சேன் ஃபிர்மேன் குருமடத்தில் மற்றக் குருக்களோடு அவரையும் அடைத்தார்கள். அந்த மடமே அப்போது சிறையாக மாற்றப்பட்டிருந்தது.

சிறையிலும் அவர் கேட்டுப் பெற்றவை தம் படிகப் பெட்டிகளே. தம்மோடு இருந்த குருக்களைக் கண்டு மனம் தேறி, கலைந்த கற்களை மீண்டும் வரிசைப்படுத்திக் கொண்டிருந்தார். வெளியே நிகழப்போவதை அவர் உணரவில்லை. உணர்ந்தவர் வேறொருவர். எத்தியேன் ஜெஃப்ருவா சேன்-இலேர் என்ற இருபது வயது இளைஞர், ஹாயியிடம் கற்றவர். ஆசிரியரை விடுவிக்க அவர் அறிஞர்களின் கதவுகளை எல்லாம் தட்டினார். ஆகஸ்டு 14ஆம் நாள் விடுதலை ஆணையைப் பெற்றுக்கொண்டு சிறைக்கு ஓடினார். ஆசிரியரோ, பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வருகிறேன் என்ற போக்கில் இருந்தார்! மறுநாள் மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. திருப்பலி முடிந்த பின்னரே, அதுவும் ஏறக்குறைய வலிந்து அழைத்துக்கொண்டுதான், அவரை வெளியே கொண்டுவர முடிந்தது.

மூன்று வாரங்கள்கூடக் கழியவில்லை. செப்டம்பர் 3ஆம் நாள் அந்த மடத்தில் அடைபட்டிருந்தவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதற்கு முந்தைய இரவில் அதே இளைஞர் சுவரில் ஏணி சாத்திப் பன்னிரண்டு குருக்களைக் காப்பாற்றினார். அந்தச் செப்டம்பர் நாள்களில் பாரிசில் உயிர்நீத்தவர்களில் 191 பேரை 1926இல் பதினோராம் பத்திநாதர் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார். ஆசிரியர்மேல் மாணவர் கொண்ட அன்பு ஓர் உயிரை மட்டுமா காத்தது? ஓர் அறிவியல் துறையையே காத்தது அன்றோ!

உயிர் தப்பியவர் ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். ஹாயி அப்படிச் செய்யவில்லை. கிலோகிராம் என்னும் புதிய நிறையளவை உறுதிசெய்ய லாவாசியேயுடன் சேர்ந்து தண்ணீரை நிறுத்துப் பார்த்தவர் அவர். 1793இன் இறுதியில் லாவாசியே சிறைப்பட்டபோது, அவருக்காகப் பேசுவதே ஆபத்தாக இருந்த காலத்தில், ஆணையிட மறுத்த இந்தக் குரு தம் பெயரிட்டு விண்ணப்பம் எழுதினார். அது பலிக்கவில்லை. 1794 மே 8ஆம் நாள் லாவாசியே கொல்லப்பட்டார். ஆனாலும் நண்பருக்காக எழுதிய கை அச்சத்தால் நடுங்கவில்லை என்பதை வரலாறு மறக்கவில்லை.

கறுப்புப் பெட்டி திறந்தது

புயல் அடங்கியபின் சுரங்கத்துறைக் கனிமத் தொகுப்பின் காப்பாளராக ஹாயி அமர்த்தப்பட்டார். 1801இல் கனிமவியல் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அதில்தான் ஷோர்ல் என்ற பழைய மூட்டை அவிழ்ந்தது.

ஒரு கறுப்புக் கல்லை எப்படி அடையாளம் காண்பது? நிறத்தை நம்பக் கூடாது என்றார் ஹாயி. நிறம் மாறும், கோணம் மாறாது. நீண்டு கறுத்த இரு கனிமங்களை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் உடைத்தால், ஒன்றில் பிளவுகள் ஏறக்குறைய செங்கோணத்தில், அதாவது 87, 93 பாகைகளில் சந்திக்கின்றன. மற்றொன்றில் 56, 124 பாகைகளில் சந்திக்கின்றன. முன்னதற்குப் பைராக்சீன் என்றும், பின்னதற்கு ஆம்பிபோல் என்றும் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். ஆம்பிபோல் என்றால் ஐயத்திற்கிடமானது என்று பொருள். எத்தனை பேரை அது ஏமாற்றியது என்பதைப் பெயரே சொல்லும்! பைராக்சீன் என்றால் நெருப்புக்கு அந்நியன். எரிமலைக் குழம்பில் அது தற்செயலாகச் சிக்கியது என்று அவர் கருதினார். உண்மையில் அது அந்தக் குழம்பிலேயே பிறப்பது என்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

ஷோர்ல் கூட்டத்தில் மூன்றாவது ஒன்றும் இருந்தது: டூர்மலின். அதற்குத் தெளிவான பிளவே இல்லை. நெடுகக் கோடுகள் ஓடும். குறுக்கே பார்த்தால் வளைந்த பக்கங்களுள்ள முக்கோணம். அதைச் சூடாக்கினால் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்சாரம் தோன்றிச் சாம்பலை இழுக்கும். அந்த இரு முனைகளின் வடிவமும் ஒன்றுபோல் இராது என்பதை ஹாயி கவனித்தார். மின்சாரத்தைக் காட்ட மெல்லிய ஊசிகொண்ட சிறு கருவியையும் அவரே செய்துகொண்டார். எபிடோட், ஆக்சினைட் என்னும் கனிமங்களும் அந்தப் பழைய மூட்டையிலிருந்து வெளியேறித் தனிப்பெயர் பெற்றன.

மரகதமும் பெரில் என்ற கல்லும் வேறுவேறு என்று மக்கள் எண்ணியிருந்தனர். இரண்டின் வடிவமும் ஒன்றே என்று ஹாயி கண்டு, வேதியியலறிஞர் வோக்லேனிடம் சோதிக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததோடு, 1798இல் பெரிலியம் என்ற புதிய தனிமமும் கிடைத்தது. பட்டை தீட்டிய மணிகளை உடைக்காமலே இனம் காணும் வழிகளை விளக்கி 1817இல் தனி நூல் ஒன்றும் எழுதினார்.

நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இவ்வழியைப் பின்பற்றலாம். கறுத்த கல் ஒன்று கிடைத்தால் முதலில் புதிதாய் உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு பொய் சொல்லும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் ஹெமடைட் செங்கோடு இடும். மாக்னடைட் கருங்கோடு இடும். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் மாக்னடைட் வலுவாக இழுபடும். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக்கல் இவ்வகையதே. கத்தி முனை கீறுகிறதா, கையில் வழக்கத்தைவிடக் கனக்கிறதா, பிளவு எந்தக் கோணத்தில் அமைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பரங்கிமலையில் அவர் இட்ட பெயர்

ஹாயி பெயரிட்ட கறுப்புக் கனிமங்களுள் ஹைப்பர்ஸ்தீன் என்பதும் ஒன்று. ஆம்பிபோலைவிடக் கடினமானது என்பதால் மிகுந்த வலிமை எனப் பொருள்படும் பெயரை இட்டார். சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கரும்பாறையில் இக்கனிமம் உண்டு. கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் இந்தப் பாறையே என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரைத் தனிக் கனிமத்தின் பெயராகக் கொள்வதைக் கனிமவியலார் 1988இல் கைவிட்டனர். பாறைகளை ஆய்வோர் இன்னும் அதை வழங்குகின்றனர். புனித தோமையாரை நினைந்து பரங்கிமலைப் படிகளில் ஏறும் நாம், அந்த மலையின் கல்லை அறிவதற்கும் ஒரு குருவானவர் வழிகாட்டினார் என்பதை எண்ணி மகிழலாம்.

எளிய வாழ்வும் இறுதி நாள்களும்

1800இல் தொபாந்தோன் மறைந்தபோது, இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தின் பேராசிரியர் பதவி ஹாயிக்கே கிடைக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். அவரோ அப்போது சிசிலித் தீவில் சிறையிலிருந்த தொலோமியே என்ற அறிஞருக்கே அது தகும் என்று வாதாடினார். தொலோமியே விடுதலை பெற்றும் நெடுநாள் வாழவில்லை. அதன்பின்னரே, 1802இல், ஹாயி அப்பதவியை ஏற்றார். நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி மாணவர்களுக்காக 1803இல் ஓர் இயற்பியல் நூலும் எழுதினார். பெருமைகள் எத்தனை வந்தபோதும் அதே பழைய அங்கி, அதே எளிய உணவு, நாள்தோறும் திருப்பலி, மாணவர்களுக்கு எப்போதும் திறந்த கதவு.

முதுமையில் சோதனைகள் வந்தன. ஆட்சி மாறியபோது அவருடைய ஓய்வூதியம் நின்றது. அறிவிலும் புதிய காற்று வீசியது. 1809இல் இங்கிலாந்தின் உல்லாஸ்டன் செய்த நுட்பமான கோணமானி, ஹாயியின் கால்சைட் கோணம் அரைப் பாகைக்கும் சற்று மேலாகப் பிசகியிருப்பதைக் காட்டியது. 1819இல் மிட்செர்லிக் என்ற இளைஞர், வெவ்வேறு பொருள்கள் ஒரே வடிவத்தில் படிகமாகலாம் என்று நிறுவினார். முதியவர் ஹாயி இவற்றை ஏற்க மறுத்தார். பெரியோரும் தாம் கட்டிய வீட்டைவிட்டு வெளிவர அஞ்சுவதுண்டு. அதனால் அவர் கட்டிய அடித்தளம் சிறிதும் சாயவில்லை.

தம்பி வாலன்டினையும் நாம் மறக்கலாகாது. பார்வையற்றோருக்கான பள்ளியை 1785இல் பாரிசில் தொடங்கி, மேடெழுத்துகளை விரலால் தடவிப் படிக்கக் கற்பித்த பெருமகன் அவரே. அந்தப் பள்ளியில்தான் 1819இல் லூயி பிரெயில் என்ற சிறுவன் சேர்ந்தான். அண்ணன் கல்லைப் பார்க்கக் கற்பித்தார். தம்பி காணாத கண்களுக்கு எழுத்தைக் காட்டினார். வறுமையோடு வெளிநாட்டிலிருந்து திரும்பிய தம்பியை அண்ணன் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். 1822 மார்ச்சு மாதத்தில் தம்பி மறைந்தார். அதே ஆண்டில் ஹாயி தம் அறையில் தவறி விழுந்து தொடையெலும்பு முறிந்தார். படுக்கையிலும் செபமும், தம் நூலின் புதிய பதிப்பைத் திருத்தும் பணியும், மாணவர்களைப் பற்றிய விசாரிப்புமாக நாள்கள் கழிந்தன. ஜூன் மாதத் தொடக்கத்தில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

அவர் நினைவாக நீலநிறக் கனிமம் ஒன்று ஹாயின் என்று பெயர் பெற்றுள்ளது. ஈஃபிள் கோபுரத்தில் பொறித்த 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. 1912இல் லாவே என்ற அறிஞர் படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, உள்ளே அடுக்கடுக்கான ஒழுங்கு இருப்பது ஐயமின்றி வெளிப்பட்டது. சிறு கட்டிகளுக்குப் பதில் அணுக்கள், அவ்வளவுதான் வேறுபாடு. அதே வழியில் சென்று பெனிசிலினின் அமைப்பைக் கண்ட டாரதி ஹாட்ஜ்கின் என்ற பெண்மணி 1964இல் நோபல் பரிசு பெற்றார். பத்து வயதிலேயே படிகங்களில் மனம் பறிகொடுத்தவர் அவர் என்பதை நம் மாணவியர் கருத்தில் கொள்வார்களாக.

ஹாயியின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? தோற்றம் ஒன்றாயிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து ஒதுக்கிவிடாதே; பொறுமையோடு அருகில் சென்று பார் என்பதே. கல்லுக்கே அத்தனை மதிப்புக் கொடுத்தார் அவர். வகுப்பில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அமைதியான தோழிக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தர வேண்டும்! வெளியே மங்கலாய்த் தோன்றும் உள்ளங்களிலும் மாறாத ஓர் ஒழுங்கை இறைவன் வைத்திருக்கிறார். அதைக் காணும் கண்ணை அவரிடம் வேண்டுவோம்; காணும்வரை சலியாமல் உழைப்போம்.